பார்க்கலாம் என்ற சொல்லின் நான்காவது பொருள்

தங்கை கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் ஆய்வு நிறுவனத்தின் பெரிய அரங்கில் ‘பாலம்’ வெளியாக இருந்தது. ஊரே அகராதி என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன், ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டைக்கு மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை. தங்கை தன் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். அதில் ஒரு சக்கரம் போன வருஷமே உடைந்துவிட்டது. பெட்டி தரையைக் கீறிக்கொண்டு வந்த சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் திரும்பவில்லை.

“அண்ணா, பஸ் நிலையம் வரைக்கும் கொண்டு வந்து விடுறியா? பெட்டி கனமா இருக்கு.”

“பாக்கலாம்மா. விழா முடியட்டும்.”

“விழா மூணு மணிக்கு. பஸ் பன்னெண்டுக்கு.”

“அதான் சொல்றேனே, பாக்கலாம்.”

தங்கை சிரித்தாள். அழுவாள் என்று நினைத்துச் சமையலறை வாசலில் நின்ற அண்ணி, அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் மூன்று மாடி இறங்கினார்கள். அகராதி காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினார். ஆவி வந்தது.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொல்ல அதிகம் இல்லை. அவரைக் கேட்டால் நிறைய இருப்பதாகச் சொல்வார்.

அகராதி என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் “அது அப்படியில்ல” என்று ஆரம்பிக்கிற பையனைப் பார்த்து, “அகராதி புடிச்சவனே, உக்காருடா” என்றார் கணக்கு வாத்தியார். பையன் அதிலிருந்த வசையை உதறிவிட்டு அகராதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான். பிற்காலத்தில் கருத்தரங்கு மேடைகளில், “சின்ன வயசுலேயே என்னை அகராதின்னுதான் கூப்பிடுவாங்க” என்றுதான் உரையைத் தொடங்குவார். தமிழ் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தெரியாதவர்கள் கைதட்டுவார்கள்.

கணினி படித்தார். ஒரு கம்பெனியில் நிரல் எழுதப் போனார். அவர் எழுதிய எதுவும் ஓடவில்லை. அதனால் ஆய்வுக்கு வந்தார். ஆய்வில் ஒரு சௌகரியம் உண்டு: ஓடாத ஒன்று ஏன் ஓடவில்லை என்று எழுதினாலும் அது கட்டுரைதான். அப்படி ஒரு கட்டுரை எழுதினார். அதையே வேறு தலைப்பில் திரும்ப எழுதினார். பழைய கள், புது மொந்தை. ஒவ்வொரு மொந்தைக்கும் ஒரு விமானப் பயணமும் கழுத்தில் மாட்டும் அட்டையும் கிடைத்தன. அட்டைகளை எல்லாம் படுக்கையறைக் கதவுக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார். கதவைத் திறக்கும்போதெல்லாம் அவை கலகலக்கும். “மாட்டுக்கு மணி கட்டின மாதிரி” என்பாள் மனைவி.

மனைவி கண்ணாடிக்கடையில் வேலை செய்தாள். வருகிறவர்களை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வது அவள் வேலை. நாளெல்லாம் “இப்ப பாக்கலாமா? இதுல தெளிவா இருக்கா, அதுலயா?” என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் கேள்விகளை இரண்டிரண்டாகத்தான் கேட்பாள்.

அகராதியிடம் ஒரு குணம் இருந்தது. அவர் யாரிடமும் “முடியாது” என்று சொன்னதே இல்லை. இதை அவரே பெருமையாகச் சொல்வார், அது உண்மையும்கூட. மனைவி ஓர் அலமாரி கேட்டபோது சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகும் மாமனார், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் துணைக்கு இருக்க முடியுமா என்று கேட்டபோதும் சொல்லவில்லை. மாணவர்கள் வந்து பரிந்துரைக் கடிதம் கேட்டபோதும் சொல்லவில்லை. எல்லோரிடமும் முகம் மலர, “பாக்கலாம்” என்றார். அலமாரி வரவில்லை. மாமனார் பக்கத்துக் கட்டில்காரரின் மகனைத் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னார். மாணவர்கள் வேறு ஊர்களில் வேறு வேலைகளுக்குப் போனார்கள். அகராதி மட்டும் எல்லோருக்கும் நல்லவராகவே இருந்தார்.

தங்கை அவரைவிட நிறைய வயது இளையவள். மொழியியல் படித்தவள். வேலை கிடைக்கும்வரை அண்ணன் வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா அனுப்பி வைத்தாள். வந்தவள் கூடத்து மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மேசையில்தான் பாலம் பிறந்தது. அதை யோசித்தவள் அவள். பெயர் வைத்தவளும் அவள்தான். நிறுவனத்தில் கேட்டால் கதை வேறு மாதிரி வரும்.

பாலம் என்பது சொற்களை மொழிக்கு மொழி முடிச்சுப் போடும் வேலை. ஒரு சொல்லை எடுத்து அதன் பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் மற்ற மொழிகளில் அதே பொருள் தரும் சொல்லோடு கட்ட வேண்டும். காலால் ஏறுகிற படி ஒரு பக்கம் போகும். புத்தகம் படிக்கிற படி இன்னொரு பக்கம் போகும். ‘நீ சொன்னபடி’ வேறெங்கோ போகும். மொழிபெயர்க்கும் கணினி இந்த முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். முடிச்சு தவறினால், மாடிப்படி ஏறினவன் மாடியைப் படித்தான் என்று வந்து நிற்கும்.

பொருள்களைப் பிரித்தால் மட்டும் போதாது. பிரித்தது சரிதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே வாக்கியங்கள் தரப்படும். இந்த வாக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு எத்தனையாவது பொருள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக லேபிள் போட வேண்டும். மூவரும் ஒரே எண்ணைப் போட்டால் ஸ்கோர் ஏறும். அகராதிக்கு அந்த ஸ்கோர் ரத்த அழுத்தம் மாதிரி. என்ன, அது ஏறினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு வந்தபோது ஸ்கோர் படுத்துவிட்டது.

தங்கை அந்தச் சொல்லுக்கு நான்கு பொருள்கள் எழுதியிருந்தாள். கண்ணால் காண முடியும் என்பது முதலாவது. சந்திப்போம் என்பது இரண்டாவது. முயற்சி செய்வோம், யோசிப்போம் என்பது மூன்றாவது. நான்காவதை அவள் இப்படி எழுதியிருந்தாள்: ‘மறுப்பு. மறுப்பவர் தம்மை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வருவது.’

மாணவர்களுக்கு மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் சண்டை வந்தது. ஒருத்தி மூன்று போட்ட இடத்தில் இன்னொருத்தன் நான்கு போட்டான். சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, சொல்றது யாருன்னு தெரியாம இதுல மூணா நாலான்னு எப்படிப் போடுறது?”

“தெரிஞ்சா போட்டுடுவியா?”

“தெரிஞ்சா கண்ணை மூடிட்டுப் போடுவேன். எங்க அப்பா சொன்னா நாலு. எங்க அம்மா சொன்னா மூணு.”

“அப்ப வாக்கியத்தோட ஆளையும் சேர்த்துக் குடுக்கிறேன்,” என்றாள் தங்கை. அதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும். அகராதிக்கு அவ்வளவு மாதங்கள் கிடையாது. நிதி தருகிற குழுவுக்கு அறிக்கை போக வேண்டும்.

“நாலை எடுத்துடு,” என்றார்.

“எடுத்தா அந்த வாக்கியம் எல்லாம் எங்க போகும்?”

“மூணுக்குப் போகட்டும். யோசிப்போம்னுதானே சொல்றாங்க?”

“அண்ணா, மூணுன்னா நடக்கலாம். நாலுன்னா நடக்காது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா பாலத்துல ஏறினவன் ஆத்துலதான் விழுவான்.”

“பத்திரிகை டேட்டா முழுக்கத் தேடிட்டேன். நாலுக்கு ஒரு சான்றுகூட இல்ல.”

“பத்திரிகையில அதிகாரிங்க சொல்ற பார்க்கலாம் எல்லாமே நாலுதான். நீ மூணுன்னு போட்டு வெச்சிருக்க.”

அகராதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிவு குறைந்தவர்களோடு பேச நேரும்போது அவர் செய்வது அது.

“நீ குடுத்திருக்கிற எடுத்துக்காட்டுகளையே எடுத்துக்கோ. எல்லாம் செயற்கையா இருக்கு. நிஜத்துல யாரும் இப்படிப் பேசமாட்டாங்க.”

அப்போதுதான் தேநீரோடு வந்த மனைவி, எந்த எடுத்துக்காட்டு என்று அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். ‘ஒரு அலமாரி வாங்கணுமே.’ ‘பாக்கலாம்.’ ‘அப்பாவுக்கு ஆபரேஷன், ஒரு நாள் கூட இருக்க முடியுமா?’ ‘பாக்கலாம்.’ ‘சார், அந்த லெட்டர்?’ ‘பாக்கலாம்பா, பாக்கலாம்.’ திரை கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. மனைவி தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. மேசை ஆடி, தேநீர் தட்டில் கொட்டியது.

“என்ன இப்ப?” என்றார் அகராதி.

“ஒண்ணுமில்லீங்க. ரொம்பச் செயற்கையா இருக்கு.”

அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அவரைக் கொஞ்சம் மன்னித்திருக்கலாம். தன் வாயிலிருந்து வந்த சொற்களைத் தானே படித்துவிட்டு, இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்று சொன்ன மனிதர், சொற்பொருளியல் நிபுணர் என்று அட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தவர். அன்று சாயங்காலமே நான்கை மூன்றோடு சேர்த்தார். ஒரு விசையைத் தட்டும் வேலைதான். தங்கை சேர்த்து வைத்திருந்த எடுத்துக்காட்டுகளையும் அழித்தார். ஸ்கோர் குதித்தது. அந்தக் குதிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருளைக் குறைத்தால் கருத்து வேற்றுமை குறையும் என்பது அதன் சாரம். எல்லாப் பொருளையும் எடுத்துவிட்டால் வேற்றுமையே இருக்காதே என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களும் அதே மாதிரிக் கட்டுரைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தங்கைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாலத்தின் முகப்பில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் வர வேண்டும். வந்தால் எந்த ஊர் நிறுவனத்திலும் அவள் தனக்கென்று ஒரு மேசை கேட்கலாம். வராவிட்டால் அவள் அண்ணன் வீட்டில் தங்கி உதவி செய்த பெண், அவ்வளவுதான்.

“போடுவியா?” என்று கேட்டாள்.

“பாக்கலாம்மா,” என்றார்.

அந்தச் சொல்லின் நான்காவது பொருளைக் கண்டுபிடித்து வரையறை எழுதியவளே அவள். அப்படியும் மூன்று என்று லேபிள் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவளையும் ரொம்பப் புத்திசாலி என்று சொல்வதற்கில்லை. ரத்த பாசம் வந்தால் படித்த படிப்பு பரணுக்குப் போய்விடும்.

வெளியீட்டுக்கு முந்தின வாரம் அழைப்பிதழ் வந்தது. முகப்பில் அகராதியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே நன்றியுரை. மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொண்ட கட்டடப் பொறியாளருக்கு அடுத்து, மூன்று மாணவர்களுக்கு முன்னால், ‘என் அன்புத் தங்கைக்கும்’ என்று இருந்தது. பெயர் இல்லை, உறவு மட்டும்.

“இது என்ன அண்ணா?”

“அன்புத் தங்கைன்னு போட்டிருக்கேனே. பேரைவிட அது பெரிசில்லையா?”

தங்கை அழைப்பிதழை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினாள். மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை. வேறொரு ஊரில் பாடப்புத்தகம் எழுதும் வேலைக்கு ஏற்கெனவே வந்திருந்த அழைப்புக்குச் சரி என்று பதில் போட்டாள்.

அந்த வியாழக்கிழமை பஸ் நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வைத்த பிறகு அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணி, உங்க அலமாரி?”

“பாக்கலாம்னு சொல்லியிருக்காரு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். பஸ் கிளம்பியது. மூன்று மணிக்கு அரங்கில் விளக்குகள் அணைந்து திரையில் பாலம் மின்னியபோது, யாரோ தங்கை எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றார் அகராதி. வாய் கூசவில்லை.

பிறகு வருஷங்கள் ஓடின. அகராதிக்குத் தனி அறை கிடைத்தது. கதவுக் கொக்கியில் அட்டைகள் கூடின. பாலத்தை நம்பி வாடகை வீடு பிடித்துத் தரும் கம்பெனி ஒன்று மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கியது. வீட்டுக்காரர் தமிழில் பேசுவார், வாடகைக்கு வருகிறவர் தன் மொழியில் கேட்பார், நடுவில் பாலம் நிற்கும். ஒரு நாள் ஒருவர் கட்டில், பீரோ, மனைவி, மாமியார் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

“நான் பாக்கலாம்னுதானே சொன்னேன்?” என்றார்.

“நீங்க சரின்னு சொன்னதா இதுல இருக்கு,” என்று வந்தவர் தன் மொழியில் சொல்லி, போனை நீட்டினார்.

மாமியார் பீரோவின் மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஊரெல்லாம் சுற்றியது. அதுபோல இன்னும் பல வந்தன. வேலை கிடைத்துவிட்டது என்று பழைய வேலையை விட்டவன் ஒருவன். பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள் என்று மண்டபம் பேசியவர்கள் சிலர். எல்லாப் புகாரிலும் அதே சொல். நிதிக் குழுவின் தலைவி அகராதியைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்.

“இந்தப் பொருள் எல்லாம் பிரிச்சது யாரு?”

“நான்தான்,” என்றார் அகராதி. பழக்கத்தில் பெருமையாகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது குற்றச்சாட்டு என்று தெரிந்தது.

“அப்ப நீங்களே சரி பண்ணுங்க. இல்லேன்னா தமிழைப் பாலத்திலிருந்து எடுத்துடுறோம். உங்களுக்கு நூலகப் பிரிவுல இடம் இருக்கு.”

அகராதி தன் அறையில் உட்கார்ந்து சரி செய்யப் பார்த்தார். நூற்றுக்கணக்கான பார்க்கலாம்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். எல்லாம் ஒன்றாகவே கேட்டன. எல்லாமே நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு சொன்னவையாகத் தோன்றின. பழைய எடுத்துக்காட்டுகளைத் தேடினார். அவற்றைத்தான் அவரே அழித்திருந்தாரே. அந்த மாணவர்களைத் தேடினார். சட்டம் படித்த பெண் இப்போது வக்கீல். பேசினால் அதற்குக் கட்டணம் ஆகும் என்றாள்.

தங்கை வந்தால் நடக்கும். அவள் வராவிட்டால் பாலமும் இல்லை, அறையும் இல்லை. அவ்வளவு காலம் கழித்து அவளுக்கு எழுத உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“முதல்ல மன்னிப்பு கேளுங்க. அப்புறம் வேலையைச் சொல்லுங்க.”

“அதெல்லாம் அவளுக்கே தெரியும்.”

“தெரியுமா, தெரியாதா? கண்ணாடி போட்டாத் தெரியுமா, கழட்டினாத் தெரியுமா? பேரைப் போடுறேன்னு ஒரு வரி எழுதுங்க. அது போதும்.”

அகராதி எழுதினார். பாலம் உன் குழந்தையும்தான் என்று எழுதினார். குடும்பம் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும் என்று எழுதினார். நீ வந்தால் உனக்கு ஒரு தனி மேசை உண்டு என்று எழுதினார். கடைசி வரியாக, ‘இந்த முறை பேர் விஷயத்தையும் பாக்கலாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, மனசு லேசானதுபோல் மூச்சு விட்டார். மனைவி அந்த வரியைப் படித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

பதில் வரவில்லை. குழு தவணை கொடுத்தது. அது முடிந்து இன்னொரு தவணையும் கொடுத்தது. மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. நூலகப் பிரிவுக்காரர் ஒரு நாள் வந்து அகராதியின் அறை ஜன்னலை அளந்துகொண்டு போனார். திரைச்சீலைக்காம்.

பதில் ஒரு மத்தியான வேளையில் வந்தது. ஒரே ஒரு சொல்.

‘பாக்கலாம்ணா.’

அகராதிக்கு ஒரு கணம் பிடரி சுட்டது. சின்ன வயசில் கணக்கு வாத்தியார் பின்னால் வந்து நின்றால் அப்படித்தான் சுடும். அந்தச் சொல்லை யார் எப்போது எதற்குச் சொல்வார்கள் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் உடம்பை நம்புகிறவர் இல்லை. சொல்லைப் பாலத்தில் இட்டார். பாலம் யோசிக்கவே இல்லை. மூன்றாவது பொருள், முயற்சி செய்ய இசைவு, நம்பகம் மிக அதிகம் என்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நல்ல அமைப்பு. அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு, கிடங்கிலிருந்து ஒரு மேசையும் முதுகு சாய்கிற நாற்காலியும் கொண்டு வரச் சொன்னார். நாற்காலியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். குழுத் தலைவிக்கு ஒரு செய்தி அனுப்பினார். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

“தங்கச்சி பதில் போட்டிருக்கா. வர்றாளாம். அவளுக்கு நாற்காலிகூடப் போட்டாச்சு.”

கடையில் யாரோ எழுத்துகளைத் தப்புத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

“வர்றேன்னா சொன்னா?”

“ஆமா.”

“அவ எழுதினதை அப்படியே படிங்க.”

அகராதி படித்தார்.

மனைவி எதிரே உட்கார்ந்திருந்தவரிடம், “கீழ் வரி தெரியலையா? பரவாயில்ல, சிலருக்குத் தெரியாது” என்று சொன்னது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினாள்.

“அந்த நாற்காலிய எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க. நூலகத்துக்கு உங்க சாமானை நீங்களே கட்ட ஆரம்பிங்க. தலைவிகிட்ட இன்னைக்கே போய் உண்மையைச் சொல்லிடுங்க, உங்க தங்கச்சிதான் எல்லாத்தையும் பண்ணினதுன்னு. அதையாவது செய்வீங்களா?”

அகராதி நாற்காலியின் முதுகைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றினார். நன்றாகச் சுழன்றது.

“பாக்கலாம்,” என்றார்.